ஆட்டோகிராஸ்: முதலில் கிளாஸ், அப்புறம்தான் ஸ்பேர்ஸ்

ஆட்டோகிராஸ் கார் போட்டிக்கு வந்த இரண்டு ஸ்விஃப்ட் வண்டிகள், இரண்டும் 1.2 பெட்ரோல். ஒன்றில் பிரேக் பேடும் டயரும் மட்டும் புதிது. இன்னொன்றில் அதோடு சேர்த்து முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டியிருக்கிறது. காலையில் ஸ்க்ரூட்டினி (போட்டிக்கு முந்தைய வண்டிச் சோதனை) அதிகாரி வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார். முதல் வண்டி ஸ்டாக் கிளாஸிலேயே, அதாவது கம்பெனி கொடுத்தபடி இருக்கும் வண்டிகளின் பிரிவிலேயே நிற்கும். இரண்டாவது மாடிஃபைடு கிளாஸுக்குப் போகும். அங்கே இன்ஜின் வால்வைத் திறக்கும் கேம் மாற்றி, பின்சீட்டைக் கழற்றி, எல்எஸ்டி (ஒரு வீல் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) போட்ட வண்டிகள் வரிசையில் நிற்கும். வெட்டிய ஸ்பிரிங் ஓட்டத்துக்கு அரை வினாடி கொடுத்தாலே பெரிய விஷயம். அதற்காக மூன்று நான்கு வினாடி வேகமான கூட்டத்தோடு மோத வேண்டியதாகிவிடும்.

பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர், கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கமிருந்து புதிதாக வருபவர்களில் பலர் செய்யும் தப்பு இதுதான். ஸ்பேர்ஸ் வாங்கி மாட்டிவிட்டு, அப்புறம் எந்த கிளாஸ் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதை முதலில் கேட்டால் பாதிச் செலவு மிச்சம்.

ஆட்டோகிராஸ் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி: மைதானத்திலோ மண் தரையிலோ கோன் வைத்து வளைத்து வளைத்துப் பாதை போடுவார்கள். எதிராளி கடிகாரம். பாதை மாறிப் போனால் அந்த ஓட்டம் செல்லாது. கோனைத் தட்டினால் வினாடி கூடும். அமெரிக்காவின் கார் போட்டி அமைப்பான எஸ்சிசிஏவின் விதியில் கோனுக்கு 2 வினாடி. இங்கே போட்டிக்குப் போட்டி மாறும். ஓட்டம் ஒரு நிமிஷம் அளவுக்குள் முடிந்துவிடுவதால் முதல் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே பத்தில் ஒரு வினாடிக் கணக்குதான் இருக்கும். அதனால்தான் யார் யாரோடு போட்டி என்பதில் இத்தனை கண்டிப்பு.

எழுதியிருந்தால் உண்டு

வண்டியைத் தொடும் முன் இரண்டு காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, அந்த வருஷத்துக்கான பொது விதிப்புத்தகம். இன்னொன்று, அந்தப் போட்டிக்கென்று நடத்துபவர்கள் வெளியிடும் துணை விதிகள். கிளாஸ் பட்டியல், நுழைவுக் கட்டணம், டயர் கட்டுப்பாடு எல்லாம் துணை விதிகளில்தான் இருக்கும். போட்டிக்கு முந்தின நாள்கூட புல்லட்டின் என்று ஒரு பக்கம் வந்து ஒரு வரியை மாற்றும். அதையும் பாருங்கள். இந்திய மோட்டார் போட்டி அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அனுமதியோடு நடக்கும் போட்டி என்றால் அதன் போட்டி லைசென்ஸும் எடுக்க வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

விதியைப் படிக்கும் முறையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "இதைச் செய்யாதே என்று எங்கேயும் போடவில்லையே" என்ற வாதம் ஸ்க்ரூட்டினியில் எடுபடாது. உலக அமைப்பான எஃப்ஐஏ தன் தயாரிப்பு வண்டி விதிகளில், வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எந்த மாற்றமும் தடை என்றே எழுதியிருக்கிறது. எஸ்சிசிஏவும் அதே வழிதான். எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, உங்கள் வண்டியில் மாறியிருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே அதை அனுமதிக்கும் விதி எண்ணை எழுதுங்கள். எண் கிடைக்காத சாமானைக் கழற்றுங்கள், அல்லது அது அனுமதிக்கப்படும் கிளாஸில் பெயர் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் இந்தப் பட்டியல் இன்னும் முக்கியம். முந்தைய ஓனர் என்னென்ன மாற்றினார் என்பது ஆர்சி புத்தகத்தில் இருக்காது. "எனக்குத் தெரியாது" என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

சிசி கணக்கில் ஒளிந்திருக்கும் வம்பு

கிளாஸ் பிரிப்பில் முதல் அளவுகோல் பெரும்பாலும் இன்ஜின் சிசி. மாருதி 800 என்றால் 796, பழைய ஜென் 993, கே சீரிஸ் ஸ்விஃப்ட் 1197, எஸ்டீமும் ஜிப்ஸியும் முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோலும் 1298. ஆர்சியில் இருக்கும் எண்ணைப் பார்த்து பெயர் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். இரண்டு இடத்தில் அது கவிழ்க்கும்.

ஒன்று டர்போ. டர்போ வண்டிக்கு எஃப்ஐஏ வழக்கப்படி பெட்ரோலுக்கு 1.7, டீசலுக்கு 1.5 என்று பெருக்கித்தான் கிளாஸ் பார்ப்பார்கள். 999 சிசி டர்போ பெட்ரோல் கணக்கில் 1698 ஆகிவிடும். போலோ 1.2 டிஎஸ்ஐ 1197-லிருந்து 2035-க்குத் தாவும். ஸ்விஃப்ட் டீசல் 1248, பெருக்கினால் 1872. சின்ன இன்ஜின், சின்ன கிளாஸ் என்று நினைத்து டர்போ வண்டி வாங்கியவர் 1600-ஐயும் தாண்டி நிற்பார். சில உள்ளூர்ப் போட்டிகளில் டர்போவுக்குத் தனி கிளாஸே வைத்துவிடுவார்கள். உங்கள் துணை விதியில் பெருக்கும் எண் என்ன என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று ரீபோர், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது. இது அமைதியாக வரும் ஆபத்து. புகை தள்ளும் பழைய எஸ்டீமை லேத்தில் கொடுத்து போர் போட்டு, அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருப்பார்கள். ரோட்டில் ஓட்டுபவருக்கு அது சாதாரண ரிப்பேர். கிளாஸ் எல்லை 1300 என்றால் கதை வேறு. அந்த இன்ஜினின் போர் (சிலிண்டர் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 75.5 மி.மீ., நான்கு சிலிண்டர். கணக்கு இப்படி: போரை அதாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். சென்டிமீட்டரில் போட்டால் விடை நேராக சிசியில் வரும். 7.4 × 7.4 × 0.7854 × 7.55 × 4 = சுமார் 1299. அதே கணக்கில் 7.4-க்குப் பதில் 7.45 போட்டால் 1316. கால் மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போட்டாலே 1308, எல்லை தாண்டியாகிவிட்டது. ஜென் இன்ஜினிலும் இதே கதைதான்: 72 மி.மீ. போர் அரை மி.மீ. கூடினால் 993 என்பது 1007 ஆகும், 1000 எல்லையைத் தாண்டும்.

எனவே பழைய வண்டி வாங்கும்போது ஹெட் கழற்றிய பில் இருக்கிறதா, பிஸ்டன் ஸ்டாண்டர்டா ஓவர்சைஸா என்று கேளுங்கள். பெரும்பாலும் பிஸ்டன் தலையிலேயே 0.25, 0.50 என்று அடித்திருக்கும். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக போர்ஸ்கோப் கேமரா விட்டுப் பார்க்கலாம். கரி படிந்திருந்தால் எண் தெரியாமலும் போகலாம். எல்லை 1400 என்றோ 1450 என்றோ இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

கழற்றி மாட்டினாலும் ஸ்டாக்கிலேயே இருப்பவை

எஸ்சிசிஏவின் ஸ்ட்ரீட் பிரிவு விதிகளை ஒருமுறை பார்ப்பது நல்ல பயிற்சி. நம் ஊர் விதி அதுவல்ல. ஆனால் சட்டம் எழுதுபவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பது புரியும். அங்கே ஷாக் அப்சார்பரை மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது. முன் அல்லது பின் ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாற்றலாம், இரண்டையும் மாற்றக் கூடாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சர் குழாய் உங்கள் இஷ்டம், அதற்கு முன்னால் கை வைக்கக் கூடாது. டயரின் ட்ரெட்வேர் எண் (எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதன் அளவு) 200-க்குக் குறையக் கூடாது. ஒன்றுக்கு உண்டு, பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றுக்கு இல்லை என்பதற்கு இயற்பியல் காரணம் தேடாதீர்கள். எங்கேயாவது கோடு கிழிக்க வேண்டும், கிழித்திருக்கிறார்கள்.

இங்கே ஸ்டாக் கிளாஸில் பொதுவாகச் சிக்கல் தராதவை: பிரேக் பேட், பிரேக் ஆயில், கம்பெனி பெட்டிக்குள் வைக்கும் ஏர் ஃபில்டர் எலிமென்ட், இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், கம்பெனி அளவு டயர், கம்பெனி கொடுத்த வரம்புக்குள் வீல் அலைன்மென்ட். இதிலும் துணை விதியே கடைசி வார்த்தை.

இந்தச் சின்னப் பட்டியலில் நிறைய நேரம் ஒளிந்திருக்கிறது. பிரேக் ஆயில் டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் 140. டாட் 4 என்றால் 230, 155. பாலக்காட்டு மழையில் இரண்டு வருஷம் ஓடிய வண்டியின் ஆயில் ஈரத்தைக் குடித்திருக்கும். நான்காவது ஓட்டத்தில் பெடல் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினால் பேடைத் திட்டாதீர்கள். ஆயிலை மாற்றி நான்கு வீலிலும் ஏர் எடுங்கள். டாட் 3 போட்ட வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிகான் சாதி. அதை இவற்றோடு கலக்கவே கூடாது.

அலைன்மென்ட்டில் முன் டோவை (வீல்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை) டை ராடில் திருப்பலாம், அது எல்லா வண்டியிலும் உண்டு. கம்பெனி வரம்பின் வெளிப்பக்க எல்லைக்கு வைத்தால் வண்டி கோனுக்குள் சட்டென்று மூக்கைத் திருப்பும். கேம்பர், அதாவது வீலின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு, அப்படி அல்ல. பல சின்ன வண்டிகளில் கேம்பர் திருப்ப இடமே கிடையாது. ஸ்ட்ரட்டின் அடியில் கேம்பர் போல்ட் போட்டால் அது மாற்றம்தான். போல்ட்டின் தலையைப் பார்த்தே அதிகாரி கண்டுபிடித்துவிடுவார்.

டயரும் வீலும்

செலவு வைப்பதில் முதல் இடம் டயருக்கு. புது வண்டி வாங்கியபோது வந்த டயர் ஏழு வருஷம் ஆகியும் ட்ரெட் தெளிவாக இருக்கிறதே என்று வந்து நிற்காதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். ரப்பர் இறுகிய டயரில் என்ன ஸ்பிரிங் போட்டாலும் வழுக்கும்.

அளவை மாற்றும் முன் கணக்குப் போடுங்கள். 165/80 ஆர்14 என்றால் ரிம் 355.6 மி.மீ., பக்கச் சுவர் 132 மி.மீ. இரண்டு பக்கம், ஆக மொத்தம் சுமார் 620 மி.மீ. உயரம். 185/65 ஆர்15 போட்டால் 621, அதாவது ஒன்றேதான். 195/55 ஆர்15 போட்டால் 595. நான்கு சதவீதம் சின்னது. கியர் கொஞ்சம் குட்டையானது போல இழுவை கூடும், ஸ்பீடோமீட்டர் நான்கு சதவீதம் அதிகமாகக் காட்டும், இரண்டாம் கியரிலேயே சிவப்புக் கோட்டைத் தொட்டு மூன்றாவது போட வேண்டி வரலாம். அந்த ஒரு கியர் மாற்றம் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும்.

அலாய் வீலில் ஆஃப்செட் (வீல் மாட்டும் முகம் ரிம்மின் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் தூரம், சுருக்கமாக இடி, ET) இன்னொரு பொறி. 5.5 அங்குல அகலம், இடி 45 உள்ள வீலைக் கழற்றி 6.5 அங்குலம், இடி 38 போடுகிறீர்கள் என்று வையுங்கள். அகலம் கூடியதால் வெளிப்பக்கம் 12.7 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததால் 7 மி.மீ., ஆகமொத்தம் 19.7 மி.மீ. வெளியே தள்ளும். ஃபெண்டரில் உரசும். உரசாவிட்டாலும் ஸ்டாக்கிலிருந்து வெளியே தள்ளும், ஏனென்றால் வீலின் அகலமும், இடது வலது வீல்களுக்கு நடுவிலான இடைவெளியும் இரண்டும் மாறிவிட்டது. அதே வண்டியின் உயர் ரகத்தில் கம்பெனியே 15 அங்குல வீல் கொடுத்திருந்தால், அதை உங்கள் கீழ் ரகத்தில் போடலாமா என்பது விதிக்கு விதி வேறுபடும். "வண்டி மாடல்" என்று எழுதியிருக்கிறதா, "ரகம்" என்று எழுதியிருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். டீசல் ரகத்தின் முன் ஸ்பிரிங்கைப் பெட்ரோலில் போடும் பழைய தந்திரமும் இதே வரியில்தான் மாட்டும். கம்பெனி சாமான்தான், ஆனால் உங்கள் வண்டியின் சாமான் இல்லை.

அலாய் வாங்கினால் நடு ஓட்டையையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ. கடை அலாய் பெரும்பாலும் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிய ஓட்டையோடு வரும். நடுவில் ரிங் போடாமல் மாட்டினால் எண்பதில் ஸ்டியரிங் ஆடும், பேலன்சிங் போட்டுப் போட்டு அலுத்துப் போவீர்கள்.

கிளாஸை நகர்த்துபவை, கண்டுபிடிக்கும் விதம்

ஸ்பிரிங்: ஸ்க்ரூட்டினியில் சுற்றை எண்ணுவார்கள், கம்பித் தடிமனை வெர்னியரில் அளப்பார்கள். வெட்டிய முனை தட்டையாகவோ கட்டிங் வீல் தடத்தோடோ இருக்கும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு இருபது சதவீதம் கூடும், ஆனால் வீல் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவும். கிளாஸ் போவது மட்டுமல்ல, மண் தரைப் போட்டியில் பள்ளத்தில் குதித்து இறங்கும்போது ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வெட்டாதீர்கள், அவ்வளவுதான்.

எல்எஸ்டி: முன் இரண்டு வீலையும் தூக்கி, இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஒரு வீலைக் கையால் சுற்றுவார்கள். மற்ற வீல் எதிர்த் திசையில் லேசாகச் சுற்றினால் சாதா டிஃபரன்ஷியல். அசைய மறுத்து முரண்டு பிடித்தால் அடுத்த கேள்வி வரும்.

ஈசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது): டர்போ வண்டியில் இதுதான் மலிவான வேகம், அதனால்தான் இதன்மேல் கண் அதிகம். ஸ்கேனர் போட்டு மென்பொருள் எண்ணைப் படிக்கலாம். பூஸ்ட் சென்சார் ஒயரில் இடையே செருகிய சின்னப் பெட்டி கண்ணுக்கே தெரியும். "போட்டிக்கு முன் கழற்றிவிடுகிறேன்" என்பவர்கள் ஒயரில் சுற்றிய டேப்பை மறந்துவிடுகிறார்கள்.

ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் மாற்றுக் குழாய்), திறந்த ஏர் ஃபில்டர், லேசான ஃப்ளைவீல், கேம், ஹெட் ஸ்கிம்மிங் (சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கடைந்து எடுப்பது): இவற்றில் எது ஒன்று இருந்தாலும் ஸ்டாக்கை மறந்துவிடலாம். ஹெட் ஸ்கிம்மிங் பற்றி ஒரு எச்சரிக்கை. வண்டி சூடேறி ஹெட் வளைந்து பட்டறையில் சும்மா சமப்படுத்தியிருந்தாலும் கம்ப்ரஷன் கூடியிருக்கும். ஹெட்டின் உயரம் கம்பெனி கொடுத்த குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கிறது என்று லேத் கடை பில்லில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடை: ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி போன்ற தளர்ந்த சாமான்களைப் பாதுகாப்புக்காக எடுக்கச் சொல்வார்கள். பின்சீட், கதவுப் பலகை, ஏசி கம்ப்ரஸர் ஆகியவற்றை எடுத்தால் அது எடைக் குறைப்பு, கிளாஸ் மாறும். மண் போட்டியில் இன்ஜின் அடியைக் காக்கும் சம்ப் கார்டு பெரும்பாலும் ஏற்கப்படும், ஆனால் அந்த வரியும் விதியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கிளாஸ் மேலே போவதாக முடிவெடுத்தால் அரைகுறையாகப் போகாதீர்கள். ஸ்பிரிங் மட்டும் மாற்றி மாடிஃபைடில் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். அந்த கிளாஸ் அனுமதிக்கும் எல்லாவற்றுக்கும் பணமும் பொறுமையும் இருந்தால் போங்கள்.

வாளையாரைத் தாண்டும்போது

போட்டி கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் என்றால் கேஎல் 09, கேஎல் 70 (பாலக்காடு, சித்தூர் பதிவு) வண்டிகள் எல்லை தாண்டி ரோட்டிலேயே ஓடித்தான் வர வேண்டும். மைதானத்தில் செல்லும் மாற்றம் ரோட்டில் செல்லாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று இதைக் கொஞ்சம் தளர்வாகப் படித்திருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ(4) பிரிவுப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. ஹெடர், அகல வீல், இறக்கிய ஸ்பிரிங் என்றால் எண்ணிக் கொள்ளுங்கள். மாடிஃபைடு வண்டியை டோ டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோங்கள். அதற்கு வழியில்லாதவர்களுக்கு ஸ்டாக் கிளாஸ் வேகத்துக்கும் நல்லது, செக்போஸ்ட்டுக்கும் நல்லது.

போட்டிக்கு முந்தின வாரமும் அன்றைக்கும்

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வையுங்கள்: ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, டிரைவிங் லைசென்ஸ், போட்டி லைசென்ஸ், விதி எண் எழுதிய உங்கள் மாற்றப் பட்டியல், லேத் பில், ஸ்பிரிங் வீல் அளவுகள் உள்ள சர்வீஸ் மேனுவல் பக்கங்களின் பிரதி. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தை நீட்டுவது பத்து நிமிஷ வாதத்தை முடிக்கும். சந்தேகமான சாமான் இருந்தால் ஒரு வாரம் முன்பே நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்ன "பரவாயில்லை" மைதானத்தில் நிற்காது.

முந்தின நாள் பேட்டரி கிளாம்ப் இறுக்கமா, வீல் நட் டார்க் ரெஞ்சில் கம்பெனி அளவுக்கு இறுகியிருக்கிறதா, த்ராட்டில் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூட்டினியில் வண்டி திரும்பிப் போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான், கிளாஸ் தகராறுக்காக அல்ல. பம்ப் பெட்ரோல் மட்டும். ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

காற்று கம்பெனி அளவை விட முன்னால் 4 பிஎஸ்ஐ கூட வைத்து ஆரம்பியுங்கள். டயர் தோளில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டம் முடிந்ததும் பாருங்கள். பக்கச் சுவர் வரை கோடு அழிந்திருந்தால் காற்று போதவில்லை. ட்ரெட் ஓரம் வரைகூட அழியவில்லை என்றால் அதிகம், 2 இறக்குங்கள். இது எந்த கிளாஸிலும் சட்டத்துக்கு உட்பட்டது, காசும் கிடையாது.

ரிசல்ட் ஒட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். முதலில் வருவது தற்காலிக ரிசல்ட். உலக விதிப்படி அது ஒட்டிய நேரத்திலிருந்து 30 நிமிஷம் எதிர்ப்பு கொடுக்கலாம். உள்ளூர்ப் போட்டியில் எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும். எதிர்ப்புக்கு முன்பணம் கட்ட வேண்டும், குற்றச்சாட்டு பொய்யானால் அது போய்விடும். ஹெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டால் கேஸ்கெட் செலவு யார் தலையில் என்பதையும் முன்பே படித்து வையுங்கள். எதிர்ப்பு நேரம் முடியும்வரை வண்டி பார்க் ஃபெர்மேயில், அதாவது யாரும் கை வைக்கக் கூடாத நிறுத்துமிடத்தில், நிற்கட்டும். பானட்டைத் திறக்காதீர்கள், வீலைக் கழற்றாதீர்கள், ஸ்டெப்னியைக்கூட டிக்கியில் திரும்ப வைக்காதீர்கள். அதிகாரி சாவி கொடுத்தபின் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.